படகு கடலில் இருக்கையில் கேட்ட கேள்விகள்

போன மாதம் ஒரு சின்னப் பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில், அதே எலும்புப் பிரிவில் இப்போது நர்சாக இருக்கிறாளாம். "மேடம், நீங்க அந்தக் காலத்துல ஃபார்மைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனீங்களாமே? இப்ப நாங்க போன்லயே கேட்டு முடிச்சிடுறோம். ஒரு பேஷண்டுக்கு ஆறு நிமிஷம்தான்" என்றாள். குரலில் அப்படி ஒரு பெருமை. போனில் பதில் சொன்ன பேஷண்ட் அம்மா எங்கே நின்றுகொண்டு சொன்னாள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். சிரித்தாள். "அதெல்லாம் ஃபார்ம்ல இல்ல மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தில் பாதிகூட அவள் மேல் இல்லை. அவள் சொன்னதையே ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். போனில் கத்தி என்ன பிரயோஜனம், எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் பெயர் ரெஜினா. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள். நர்சிங் படித்த கதையும், முதல் ஊசி போட்டபோது நோயாளிக்கு முன்னால் நான் மயங்கி விழுந்த கதையும் எல்லா நர்சுகளிடமும் இருக்கும், விடுங்கள். ராயபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ஆண்கள் எலும்பு வார்டில் பதினாறு வருஷம் இருந்தேன். துறைமுகத்தில் மூட்டை சரிந்து நசுங்கிய கால், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் மாட்டிய கை, இதுதான் என் தினப்படி. எலும்பு முறிந்தவன் கத்துவான், திட்டுவான், அம்மாவைக் கூப்பிடுவான். வலி என்றால் சத்தம் என்றே நினைத்துப் பழகியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் முழங்கால் மக்கர் செய்தது. ஓடியாடும் வார்டு வேலை இனி ஆகாது என்று, புதிதாகத் தொடங்கிய எலும்பு மெலிவுப் பிரிவில் உட்கார வைத்தார்கள். எலும்பு மெலிவு பொல்லாத நோய். வயது ஏற ஏற, அதிலும் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு, எலும்பு உள்ளுக்குள் ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முதுகெலும்பு தானாகவே நசுங்கி ஆள் கூனிப்போவாள், உயரம் குறையும், ஒருநாள் இருமினால்கூட விலா முறியும்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் பத்மநாபன். மெல்லிய குரல் அவருக்கு. கோபம் வந்தால் அது இன்னும் மெலிதாகும். அப்போதுதான் நாங்கள் நடுங்குவோம். முதல் நாளே ஒரு கத்தைப் படிவங்களை என் முன்னால் வைத்தார். "எக்ஸ்ரே எலும்பைக் காட்டும் சிஸ்டர். அந்த எலும்பை வெச்சுக்கிட்டு அவங்க எப்படி வாழறாங்கன்னு காட்டாது. அதுக்குத்தான் இது" என்றார்.

அதைத்தான் நாங்கள் வாழ்க்கைத் தரப் படிவம் என்று சொன்னோம். வலி, குளிப்பது உடுப்பது, வீட்டு வேலை, நடமாட்டம், வெளியே போய்வருவது, மனநிலை என்று பிரித்துப் பிரித்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். 'கஷ்டமே இல்லை' என்பதில் தொடங்கி 'செய்யவே முடியவில்லை' வரை. மார்க் ஏற ஏறக் கஷ்டம் அதிகம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்.

கேட்பதற்கு முறை உண்டு. அச்சில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். தலையை ஆட்டக் கூடாது. 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டக் கூடாது. மருமகள் குறுக்கே பதில் சொன்னால் எழுதக் கூடாது. பதில் வராவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த டாக்டர், என்னையே நோயாளி ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாக் கேள்விகளையும் கேட்டார். "போன வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்து இருந்தீர்கள்?" என் வீட்டுக்காரர் தவறி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஒரு நாளும் இல்லை டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "உங்க பதில் இது. எனக்குத் தோணுறதை நான் எழுதக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. புளியந்தோப்புக் குடியிருப்பில் ஒரு அம்மாவிடம் "நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று வாசித்தேன். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நாற்காலி எங்க கீது சிஸ்டரு? ஒண்ணு வாங்கிக் குடு, குந்தி எய்ந்து காட்றேன்" என்றாள். அந்த மாடி முழுக்கச் சிரிப்பு. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னோடு அந்த மூன்றாவது மாடிக்கு ஏறிவந்து, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்து மூன்று முறை எழுந்து பார்த்தார். "தரைதான் சரி" என்றார். மறு வாரம் புதுப் படிவம் அச்சாகி வந்தது.

படிவத்தின் அடியில் 'கேட்டவர் குறிப்பு' என்று ஒரு வரி உண்டு. நான் அதில் பேனாவே வைத்ததில்லை. "ரெஜினா சிஸ்டர் ஃபார்ம்தான் சுத்தமா இருக்கும்" என்று டாக்டர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். போதாதா? எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தப் படிவத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், மாத்திரை எங்களிடம் குறைவாகத்தான் வந்தது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை. எலும்பு மேலும் கரையாமல் தடுப்பது. அறக்கொடையாக வந்த அதை எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி இருப்பவர்களில் யாருக்கு முதலில் என்று படிவத்தின் மார்க்தான் தீர்மானித்தது. கஷ்டம் அதிகம் உள்ளவர் முதலில். இதைவிட நியாயமாக யாரும் செய்திருக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தனபாக்கியம் எங்களிடம் வந்தது இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷத்தில். கடற்கரைக் குப்பத்து மீன்காரம்மா. அறுபதை நெருங்கும் வயது. தலையில் கூடை சுமந்தே கழுத்து உறுதியாகியிருந்தது, ஆனால் முதுகு வளைந்துவிட்டது. "பொடவை நீளமாய்க்கினே போவுது சிஸ்டரு. எவ்ளோ சொருவுனாலும் கால்ல தடுக்குது" என்பதுதான் அவள் சொன்ன நோய். புடவை எங்கே நீளும்? ஆள்தான் குட்டையாகிக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது.

படிவம் எடுக்க அவள் வீட்டுக்கே போனேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் வியாபாரம் கெடும் என்று பலர் வர மாட்டார்கள். அதனால் கடற்கரைத் தெருக்களுக்கு நானே போவது வழக்கம். காலை பத்து மணிக்குத்தான் போவேன். மதியத்துக்கு மேல் எனக்கு வெளிநோயாளிப் பிரிவு.

சிமெண்ட் போட்ட ஒற்றை அறை. மருமகள் செல்வி அடுப்படியில் இருந்தாள். மகன் ஏழுமலை விசைப்படகில் போயிருந்தான். போனால் எட்டு நாள், பத்து நாள் கடலிலேயே தங்கும் படகு. தனபாக்கியம் எனக்குப் பாய் விரிக்க எழுந்தாள். எழுந்தாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். முதலில் சுவரில் கை, அப்புறம் முட்டியில் கை, அப்புறம் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். உதடு வெளுத்துப்போனது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தாள் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான்.

"போன வாரத்தில் எத்தனை நாள் முதுகு வலி இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. நல்லா கீறேன்."

"தரையிலிருந்து எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதா?"

"இன்னா கஷ்டம்? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"குனிந்து பெருக்க, தண்ணீர் தூக்க?"

"நல்லா கீறேன்னு சொல்றேன் இல்ல? எய்திக்கோ."

எழுதிக்கொண்டேன். எல்லாம் முதல் கட்டம். 'கஷ்டமே இல்லை', 'கஷ்டமே இல்லை', 'கஷ்டமே இல்லை'. என் கண் பார்த்தது ஒன்று, கை எழுதியது ஒன்று. அடியில் அந்தக் குறிப்பு வரி காலியாகக் கிடந்தது. 'எழுந்திருக்க வெகு நேரம் பிடித்தது, உதடு வெளுத்தது' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சுத்தமான ஃபார்ம் ஆயிற்றே! பட்டியலில் அவள் பெயர் கீழே போனது. மாத்திரை வேறு ஒருவருக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். மறுபடி பத்து மணி. மறுபடி "நல்லா கீறேன்". அதற்கப்புறமும் இரண்டு முறை. "மருந்தே இல்லாம இவ்ளோ நல்லா இருக்கீங்களேம்மா, உங்களைப் படம் புடிச்சு மாட்டணும்" என்று கிண்டல்கூடச் செய்தேன். அவள் சிரித்தாள். 

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். விழவில்லை, வழுக்கவில்லை. வாசலில் மீன் கழுவிக்கொண்டு குந்தியிருந்தவள் எழுந்தாள். விரல் சொடுக்கு எடுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம், அவ்வளவுதான். நான் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வலது கால் இடது காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தொடை எலும்பு இடுப்பருகே முறிந்தால் கால் அப்படித்தான் கிடக்கும்.

டாக்டர் வந்தார். "அம்மா, வலி எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல நைனா. நல்லா கீறேன்."

டாக்டர் காலை லேசாகத் தொட்டார். தனபாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலைக் கிழித்துவிட்டது. முகம் முழுக்க வேர்வை. வாயைத் திறந்து, "ஒண்ணும் இல்ல" என்று மறுபடி சொன்னாள்.

வருஷக்கணக்காக 'பதில்தான் பதில்' என்று எங்களுக்குப் பாடம் நடத்திய மனுஷர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பதில் கிடக்கட்டும் சிஸ்டர். ஊசியைப் போடுங்க" என்றார். குரல் வெகு மெலிதாக இருந்தது.

ஊசி போட்டு, காலில் எடை கட்டித் தொங்கவிட்டோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்மா இப்படிப் பொய் சொல்றே? எலும்பு ரெண்டாப் போயிருக்கு, நல்லா கீறேனாம்! யாரை ஏமாத்தறே?" என்று கட்டிலருகிலேயே கத்திவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் செல்விதான் என் முந்தானையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அத்தைய திட்டாதே சிஸ்டரு. அவரு போன போட்டு இன்னும் கடல்ல கீது. அது கரைக்கு வர்ற வரைக்கும் அத்தை வாயத் தொறக்காது."

எனக்குப் புரியவில்லை.

"எங்க தெருவுல வூட்டு ஆம்பள கடல்ல கீறப்போ பொம்பள வாயில கெட்ட வார்த்தை வரக்கூடாது. முடியல, போச்சு, செத்தேன், இதெல்லாம் சொல்லவே மாட்டோம். எப்டி கீறேன்னு யாரு கேட்டாலும் நல்லா கீறேன்தான். அத்தைக்கு இன்னும் ஜாஸ்தி. எங்க மாமனாரு போன அன்னிக்கி அத்தைக்குப் பல்லு வலியாம். காலைலேந்து செத்தேன் செத்தேன்னு கத்திகினே இருந்துச்சாம். சாயங்காலம் போட்டு வந்துச்சு, அவரு வரல. எட்டு வருசம் ஆச்சு. தன் வாயாலதான் அவரு போனாருன்னு அத்தை நெனச்சுகினு கீது."

அந்தக் குப்பத்துக்கும் நான் பிறந்த தெருவுக்கும் நடை தூரம். சின்ன வயதிலிருந்து அந்த மீனைத்தான் தின்று வளர்ந்தேன். இது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் காலை பத்து மணிக்குப் போவேன். ஏழுமலை மாதிரி பத்து நாள் போகிறவனை விடுங்கள், அன்றன்று போய்வருகிற ஆள்கூட அந்த நேரத்தில் கரையில் இருப்பானா?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தனபாக்கியத்தின் படிவங்களை எடுத்துவரச் சொன்னார். நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

"பத்து மணிக்கு டாக்டர். எல்லாமே."

"கேக்கறப்ப அவங்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எழுந்திருக்கவே முடியல அவங்களால."

"அடியில ஒரு வரி இருக்கே சிஸ்டர்."

"தெரியும் டாக்டர். நீங்க என் ஃபார்ம் சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஆமா. நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாத்திரை சாப்பிட்டிருந்தால் முறிந்திருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்று பிறகொரு நாள் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அது உண்மைதான். ஆனால் ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை.

அடுத்த தலைவலி ஆபரேஷன். தனபாக்கியம் மாட்டேன் என்றுவிட்டாள். "எம்புள்ள வரட்டும்." ஆபரேஷன் என்ற பேச்சையே படகு கடலில் இருக்கும்போது எடுக்கக் கூடாது. புருஷன் இல்லாமல் கையெழுத்துப் போட செல்வியும் பயந்தாள். இந்த வயதில் தொடை முறிந்து மல்லாந்து கிடப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து. சளி நெஞ்சில் இறங்கும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். டாக்டர் காலையும் மாலையும் வந்து கெஞ்சினார். அவளோ "நல்லா கீறேன் நைனா, நீ போயி மத்தவங்களப் பாரு" என்று அவரையே தேற்றி அனுப்பினாள்.

சனி போனது, ஞாயிறு போனது. செல்வி தினமும் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடி, வந்து சேர்ந்த படகுகளிடம் விசாரித்துவிட்டு வருவாள். திங்கள்கிழமை தனபாக்கியத்துக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. மூச்சில் கரகரப்பு. டாக்டர் முகம் மாறியது. நான் ராத்திரி ஜெபத்தில் என் பிள்ளைகளைக்கூட மறந்துவிட்டு அந்தப் படகுக்காக வேண்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வார்டு வாசலில் வாட்ச்மேன் யாரையோ தடுக்கும் சத்தம். தடுப்பை மீறிக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். லுங்கி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது, உடம்பெல்லாம் டீசலும் மீனும் நாறியது. ஏழுமலை.

தனபாக்கியம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், தலைமயிரைப் பிடித்துப் பார்த்தாள்.

"வந்துட்டியா நைனா?"

"வந்துட்டேம்மா."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்துட்டோம்."

அப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள். "ஐயோ... செத்தேண்டா... என்னால முடியலடா... வலிக்குதுடா டேய்..." நாலு நாளாக உள்ளே போட்டுப் பூட்டிய வலி. நாலு நாள் என்றா சொன்னேன்? ஒரு வருஷத்து வலி. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதினாறு வருஷம் வார்டில் ஆம்பிளைகள் கத்திக் கேட்ட காது இது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்காமலேயே அவள் படிவம் முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுச் சளி பயமுறுத்திவிட்டுத் தணிந்தது. பிழைத்தாள். ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும்தான். கூடையை அதற்கப்புறம் அவள் தொடவில்லை.

இனி என் வாயின் கதை. ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது ஏழுமலை வராந்தாவில் என்னிடம் கேட்டான்: "இத்தினி நாளா எங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல சிஸ்டரு. ஏன் சொல்லல?" எனக்கு வாய் நீளம். செல்வி கண்ணால் வேண்டாம் என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கரையில கீறப்போவும் சொல்லலியே" என்றான்.

"கரையில நீ எத்தினி நாள் கீறே? ரெண்டு நாளு. அதுலயும் ஒன்ன எதுக்கு பேஜார் பண்ணணும்னு அத்தை சொல்லாது" என்றாள் செல்வி.

"அப்ப நான் கடலுக்குப் போய்க்கினு கீற வரைக்கும் அது வாயத் தொறக்காது. அதானே?"

செல்வி என்னை முறைத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன், ஏழுமலை படகை விட்டுவிட்டு சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போகிறான் என்று. கடலில் பிறந்து கடலில் வளர்ந்த பிள்ளை கம்பி தூக்கப் போவதைக் குப்பத்தில் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. தனபாக்கியத்துக்கு என் மேல் வந்த கோபம் இருக்கிறதே! "அந்த சிஸ்டரு வூட்டாண்ட வந்தா கால ஒடைப்பேன்னு சொல்லு" என்று செல்வியிடம் சொல்லி அனுப்பினாள். என்னைத் திட்டாதவர்கள் அந்தத் தெருவில் குறைவு. நான் சொன்னது சரியா தப்பா என்று என்னையே கேட்டுக்கொண்டு எத்தனையோ நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். இன்றைக்கும் தெரியாது.

டாக்டர் அந்த வருஷமே படிவத்தின் தலைப்பில் ஒரு கேள்வி சேர்த்தார். 'இன்று வீட்டில் யாராவது கடலில் இருக்கிறார்களா?' ஆம் என்றால் படிவத்தை மூடிவிட்டு வேறொரு நாள் வர வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் வந்ததும், எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடந்தபோது, அந்தத் தெருக்களில் முதலிலிருந்து கேட்டோம். அப்பப்பா! 'கஷ்டமே இல்லை' என்றிருந்த பெண்கள் வரிசையாக வந்து கொட்டினார்கள். "இம்மா நாளு கம்முனு இருந்தோமே சிஸ்டரு, இப்ப கேளு" என்று ஒருத்தி என் கையிலிருந்த பேனாவையே ஆட்டினாள். பட்டியலே தலைகீழானது. பல பேருக்கு மாத்திரை போனது. குறிப்பு வரியில் நான் அடுத்த பக்கம் வரை எழுதினேன். என் ஃபார்ம் அதற்கப்புறம் ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தனபாக்கியத்தின் படிவத்தையும் எடுக்க வேண்டும். என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. கால் உடைந்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரி நம்முடையதுதான் என்று துணிந்து போனேன். வாசலில் வாக்கரோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "வந்துட்டே இல்ல, குந்து" என்றாள்.

"இன்னைக்கு வீட்ல யாராவது கடல்ல..."

"யாரும் இல்ல. ஒனக்குத் தெரியாதா? கேளு."

கேட்டேன்.

"போன வாரத்தில் எத்தனை நாள் முதுகு வலி இருந்தது?"

"தெனமும்."

"தரையிலிருந்து எழுந்திருக்க?"

"முடியல."

"குனிந்து பெருக்க?"

"முடியல."

"கடைக்கு, கோயிலுக்குப் போய்வர?"

"எங்க போறது? முடியல."

ஒவ்வொன்றும் கடைசிக் கட்டம். என் கையில் வந்த படிவங்களிலேயே இத்தனை மோசமான மார்க் விழுந்தது இல்லை. கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. வாசிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அச்சில் உள்ளதை வாசித்தாக வேண்டும்.

"பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததோடு ஒப்பிட்டால், இப்போது உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருக்கிறது?"

"நல்லா கீது."

எனக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. படிவத்தைக் கீழே வைத்துவிட்டேன். "அம்மா, யாரு கடல்ல இருக்காங்க? உண்மையச் சொல்லு. மறுபடியும் அப்படியே சொல்றியே!"

"அய்ய, யாரும் இல்லேன்றேன். பத்து வருசத்துக்கு முன்ன ரெண்டு பேரு கடல்ல இருந்தாங்க. நான் ஒரு ராவு ஒயுங்கா தூங்கினது இல்ல." வாக்கரை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப எம்புள்ள சாயங்காலம் வூட்டுக்கு வர்றான். கம்பி தூக்கித் தூக்கி அவனுக்கும் முதுவு போச்சு. தோ, இங்கதான் படுத்துகினு, வலிக்குது வலிக்குதுன்னு கத்துறான். கத்தட்டும். கத்துறது என் காதுல வுழுது இல்ல? எய்திக்கோ."

'மிகவும் நன்றாக இருக்கிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.